எந்தக் காரியத்துக்கும் பிரயாணம்

இம்மாதம் நாம் எழுத முற்படும் பொருள், நாலு பேர் கூடிய இடத்தில் பேசக் கூசும் பொருள். ஆயினும் நமது சங்கத்துக் குடும்பங்களில் இதனை மௌனமாகச் சுமந்து வருவோர் சிலர் உளர். பீர்மேடு, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, பாம்பனார் முதலிய இடங்களின் லயங்களிலிருந்து, குடலில் புற்று என்றும், அடைப்பு என்றும், விபத்தில் குடல் கிழிந்தது என்றும், கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கோ, தேனிக்கோ, மதுரைக்கோ கொண்டு செல்லப்பட்டு, ரணசிகிச்சை முடிந்து, வயிற்றின்மேல் ஒரு பையுடன் வீடு திரும்பியவர்களைக் குறித்தே சொல்கிறோம். உயிர் பிழைத்தது என்று வீட்டார் மகிழ்கின்றனர். பிழைத்தவரோ அன்றுமுதல் வாசற்படி தாண்டுவதில்லை. இவ்விரண்டாம் நோய்க்கு மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. பெரும்பாலும் நம்மிடமே உள்ளது.

முதலில் பொருளைத் தெளிவாக அறிந்துகொள்வோம். வயிற்றின் முன்புறத்தில் சிறு துளையிட்டு, குடலின் ஒரு முனையை வெளியே கொணர்ந்து, உதடுபோல் மடித்துத் தோலோடு தைத்து விடுகின்றனர். இதற்கு ஸ்டோமா என்று பெயர். ஸ்டோமா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வாய் என்பதே பொருள். ஆகையால் நாம் இதனைக் குடல்வாய் என்றே எழுதுவோம். பெருங்குடலிலிருந்து அமைப்பது கொலாஸ்டமி. அது பெரும்பாலும் இடப்புறம் அமையும். மலம் ஏறத்தாழக் கெட்டியாகவே வரும். சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்து அமைப்பது இலியாஸ்டமி. அது பெரும்பாலும் வலப்புறம். வருவது கூழ்போல் இளகியிருக்கும். சிறுநீருக்கென அமைப்பது யூரோஸ்டமி. குடல்வாய் சிவந்து, ஈரமாக, நமது வாயின் உட்புறம் போலவே காணப்படும். தொட்டால் வலிக்காது, வலியை உணரும் நரம்புகள் அதில் இல்லை. துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் கசிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சுருக்கிப் பிடித்து நிறுத்தும் தசை அதற்கு இல்லாமையால், மலமும் வாயுவும் தாம் நினைத்த வேளையில் வெளிவரும். அதற்காகவே பை. சிலருக்கு இந்த ஏற்பாடு சில மாதங்களுக்கு மட்டுமே. உட்புறம் ஆறியபின் மறு சிகிச்சை செய்து மூடிவிடுவர். வேறு சிலருக்கு ஆயுள் முழுவதற்கும்.

இஃது நேற்று வந்த புதுமையும் அன்று. 1793ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் பிரெஸ்ட் நகரில், மலவாய் இல்லாமல் பிறந்த பச்சிளங் குழந்தை ஒன்றுக்கு துய்ரே என்ற வைத்தியர் இவ்வாறு குடல்வாய் அமைத்தார். மயக்க மருந்தும் இல்லாத காலம். அக்குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்ததாக மருத்துவ வரலாறு கூறுகின்றது.

எமக்கு மதினி முறையாகும் ஒருவர், பீர்மேட்டுத் தோட்டம் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். அவருக்கு இலியாஸ்டமி செய்யப்பட்டது. அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம். அவருடைய தம்பி மகளுக்குக் கம்பத்தில் கலியாணம் வந்தது. மலையிறங்கிக் குமுளி வழியாகப் பேருந்தில் போகவேண்டும். "தம்பி, பந்தியிலே இது பொங்கி வழிஞ்சா நான் யார் முகத்திலே முழிப்பேன்?" என்று கேட்டார். அதற்கு எம்மிடம் விடையில்லை. பலரும் வற்புறுத்தியபின் புறப்பட இசைந்தார். ஆனால் எவருக்கும் சொல்லாமல் முதல் நாள் காலையிலிருந்து அன்னம் உண்ணாமல், தண்ணீரும் அருந்தாமல் இருந்துவிட்டார். பை காலியாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கலியாண வீட்டுக்குப் போகவில்லை. கால் நரம்பு இழுத்து, கண் இருண்டு, ஆஸ்பத்திரிக்கே போனார். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினர்.

இப்படிப் பட்டினி கிடப்போர் அவர் ஒருவரல்லர் என்று பின்னர் அறிந்தோம். வெளியே செல்லும் நாளெல்லாம் வயிற்றைக் காயப்போடுவது, பை அணிந்தோரிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம். இதனால் பயனில்லை என்பதோடு, இலியாஸ்டமி உடையவர்களுக்கு ஆபத்தும் உண்டு. நமது உடலில் நீரையும் உப்பையும் உறிஞ்சிக் காப்பது பெருங்குடல். அதன் வேலை நின்றுபோனவர் சாதாரண நாளிலேயே மற்றவர்களைவிட அதிக நீரையும் உப்பையும் இழக்கின்றார். பட்டினி கிடந்தாலும் குடல் ஓய்வதில்லை. உணவுக்குப் பதில் நீரும் வாயுவும் வெளிவரும். வெறும் வயிற்றில் வாயு கூடுமேயன்றிக் குறையாது. வேளை தவறாமல் உண்பவருக்கே எப்பொழுது பை நிரம்பும் என்ற கணக்கும் பிடிபடும்.

மதினிக்கு அவ்வாஸ்பத்திரியின் செவிலியர் சொன்ன முறை எளிது. பகலில் நிறைய உண்க. இரவில் சிறிதாக, சற்று முன்னதாகவே உண்க. சோறு, வாழைப்பழம், மரவள்ளிக் கிழங்கு ஆகியவை வெளிவருவதைக் கெட்டிப்படுத்தும். மலைநாட்டில் வாழும் நமக்குக் கப்பைக் கிழங்குக்கா பஞ்சம்? தாகம் எடுக்கும் முன்னரே உப்பிட்ட கஞ்சியோ மோரோ அருந்துக. போக்கு அதிகமான நாளில், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியை உறையில் எழுதிய அளவு நீரில் கரைத்துக் குடிக்க. தேங்காய்ச் சில், பலாச்சுளையின் நார், மக்காச்சோளம், காளான், கீரைத்தண்டு ஆகியவை மெல்லாமல் இறங்கினால் இலியாஸ்டமியின் குறுகிய வாயில் அடைத்துக்கொள்ளக் கூடும். ஆகவே சிறிதளவாக, நன்கு மென்று உண்க. முட்டைக்கோசு, வெங்காயம், பயறு, சோடா ஆகியவை வாயுவைக் கூட்டும். மீன், முட்டை, பூண்டு, பெருங்காயம் ஆகியவை மணத்தைக் கூட்டும். இவற்றையெல்லாம் துறந்து துறவியாக வேண்டியதில்லை. கலியாணத்துக்குப் போகும் நாளுக்கு முதல் நாள் குறைத்துக்கொண்டால் போதும். ஒருவருக்கு ஒவ்வாதது மற்றவருக்கு ஒத்துப்போகும்; ஒவ்வொன்றாக உண்டு பார்த்தே அறிதல் வேண்டும்.

இனிப் பையைக் குறித்துச் சொல்வோம். பழைய காலத்தில் துணியும் பஞ்சும் வைத்துக் கட்டினர். அதன்பின் ரப்பர்ப் பை வந்தது. கசிவும் நாற்றமும் தோற்புண்ணும் தீரவில்லை. 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து வைத்தியர் பிரையன் புரூக், குடலின் முனையைச் சட்டைக் கைபோல் வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை எழுதி வெளியிட்டார். குடல்வாய் தோலைவிடச் சற்று உயர்ந்து நிற்பதால், வெளிவருவது தோலில் படாமல் பைக்குள் விழ வழி ஏற்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் ரூபர்ட் டர்ன்புல் என்ற வைத்தியர், புண்ணான தோலுக்குக் கராயா என்னும் பிசின் நல்ல காப்பாவதைக் கண்டார். அப்பிசின் எங்கிருந்து போயிற்று என்று எண்ணுகிறீர்கள்? நமது இந்தியக் காடுகளில் பழங்குடி மக்கள் மரத்தைக் கீறி எடுக்கும் பிசின்தான் அது. நம் நாட்டுப் பொருள் கடல் கடந்து போய், மருந்தாகிப் பெயர் பெற்றதற்கு இஃதும் ஓர் உதாரணம்.

இக்காலத்துப் பைக்கு மூலமான கதையை நமது சகோதரிகள் அவசியம் அறிய வேண்டும். டென்மார்க்கு நாட்டில் எலிஸ் சோரென்சன் என்று ஒரு செவிலிப் பெண்மணி இருந்தார். 1954இல் அவருடைய தங்கை தோராவுக்குக் குடல்வாய் அமைக்கப்பட்டது. தங்கை கசிவுக்கு அஞ்சி வெளியே செல்வதையே விட்டுவிட்டாள். அக்காள் உட்கார்ந்து யோசித்தாள். தோலில் ஒட்டிக்கொள்ளும் பசையுடன் கூடிய, ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க பிளாஸ்டிக் பையை வகுத்தாள். தயாரித்துத் தருமாறு அவள் அணுகியவர்களுள் ஆகெ லூயி-ஹான்சன் என்ற பிளாஸ்டிக் தொழிலதிபர் இசைந்தார். அவரே 1957இல் கோலோபிளாஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். தங்கை வீட்டை விட்டு வெளியே வரவேண்டும் என்ற கவலையில் பிறந்தது அந்தப் பை. அதனை அணிந்துகொண்டு நம்மவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு அந்த அக்காளின் நினைவே வருகின்றது.

நாற்றம் என்ற பயமே எல்லாப் பயங்களுக்கும் தலைமையானது. இக்காலத்துப் பைகள் மணம் கசியாத பிளாஸ்டிக்கால் ஆனவை; பலவற்றில் வாயு வெளியேறும் துளைக்குக் கரி வடிகட்டியும் உண்டு. பையைத் திறந்து காலி செய்யும்போது மணம் வரும். அஃது எவர் கழிப்பிடத்துக்குச் சென்றாலும் வருவதே. மூடிய பையிலிருந்து மணம் வருமாயின், அடித்தட்டு எங்கோ விட்டுக் கசிகிறது என்று பொருள். உடனே மாற்றுதல் வேண்டும். மேலே ஒட்டுப் போட்டு ஒப்பேற்றக் கூடாது. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிட வேண்டும். கனம் கூடினால் தட்டை இழுத்துப் பெயர்க்கும். தட்டில் வெட்டும் துளை குடல்வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டரே பெரிதாக இருத்தல் வேண்டும். பெரிதாக வெட்டினால் தோல் வெந்துபோகும். இறுக வெட்டினால் குடல்வாய் உராயும். சிகிச்சைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்களில் குடல்வாய் சுருங்கும். ஆஸ்பத்திரியில் முதல்நாள் வெட்டித் தந்த அளவையே ஆண்டு முழுதும் வெட்டிக்கொண்டிருப்பவர்கள் தோற்புண்ணால் வருந்துவது இதனாலேயே. அளந்து பார்த்து வெட்டுக. பையோடும் குளிக்கலாம், பையின்றியும் குளிக்கலாம். தண்ணீர் உள்ளே புகாது. ஒட்டுமுன் தோல் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். பீர்மேட்டு மழைக்காலத்தில் எதுதான் உலர்கிறது என்று கேட்பீர்கள். சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றி, சிறிது நேரம் காற்றாட விட்டு, ஒட்டியபின் உள்ளங்கையால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் அந்த வெதுவெதுப்பில் பசை நன்கு பற்றும். புதிய பைகளை அடுப்படிப் பரணில் வைக்கலாகாது.

பையின் விலை நம்மவர்க்குச் சுமையே. மறுக்கவில்லை. மும்பையில் 1975இல் தோன்றிய இந்திய ஆஸ்டமி சங்கம், குறைந்த விலையில் பைகள் கிடைக்க வழி செய்வதோடு, ஏற்கெனவே குடல்வாயுடன் வாழ்பவர்களைக் கொண்டு புதியவர்களுக்கு ஆறுதலும் பழக்கமும் சொல்லித் தரச் செய்கின்றது. இவ்வகைப் பராமரிப்பில் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் உளர். உலகில் இத்துறையின் முதற் பணியாளரே குடல்வாய் உடையவர்தாம்: டர்ன்புல் வைத்தியரிடம் சிகிச்சை பெற்ற நார்மா கில் என்ற பெண்மணியை, 1958இல் அவரே தமது மருத்துவமனையில் பிற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பணியில் அமர்த்தினார். தன் வயிற்றில் உள்ளவர் சொல்வதைப் போல் வேறு எவர் சொல்லினும் மனத்தில் இறங்குவதில்லை.

இங்கே நமது சொந்த உத்தியோகத்துக்கு வருகிறோம். பீர்மேட்டில் இரயில் கிடையாது. மேற்கே இறங்கினால் சுமார் 75 கிலோமீட்டரில் கோட்டயம். கிழக்கே இறங்கினால் தேனி, போடிநாயக்கனூர். மதுரையிலிருந்து போடி வரை அகலப்பாதையில் 2023 ஜூன் முதல் வண்டி ஓடுகின்றது. இரயில் காணாத ஊர்க்காரர் இரயில்வே எழுத்தர் ஆனது நண்பர்களுக்கு இன்றும் நகைப்பு. இருக்கட்டும். இரயில்வேயின் சலுகைப் பட்டியலில் ஒரு வரி உண்டு. அதனை நம் வாசகர்கள் அறியவேண்டும் என்பதற்காகவே பெரும்பாலும் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

புற்றுநோயாளர், சிறுநீரக நோயாளர், இதய நோயாளர், காச நோயாளர் முதலியவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அவ்வரிகளிலெல்லாம் சிகிச்சைக்காக, பரிசோதனைக்காக என்ற சொல் கூடவே நிற்கும். ஆஸ்டமி நோயாளர் என்ற வரியில் மட்டும் அச்சொல் இல்லை. அவர் எந்தக் காரியத்துக்காகவும் பிரயாணம் செய்யலாம் என்றே விதி கூறுகின்றது. சலுகை எதில்? முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டிலும், மூன்று மாத சீசன் டிக்கெட்டிலும், 50 சதவீதம். துணைக்கு வரும் ஒருவர்க்கும் அதே அளவு. 2020 மார்ச்சில் கொரோனாவை முன்னிட்டு, மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பலவற்றை நிறுத்தியபோதும், 11 வகை நோயாளர்களுக்கான சலுகைகளை நிறுத்தவில்லை. ஆஸ்டமி அவற்றுள் ஒன்று.

சீசன் டிக்கெட் வாங்குகிறவர் யார்? தினந்தோறும் வேலைக்குப் போகிறவர், கடைக்குப் போகிறவர், கல்லூரிக்குப் போகிறவர். படுக்கையில் கிடப்பவர் சீசன் டிக்கெட் வாங்குவதில்லை. ஆகவே, இவ்விதியை எழுதியவர் எவராயினும், பை அணிந்த ஒருவரை மனக்கண்ணில் காணும்போது, காலை வண்டியில் ஏறி அலுவலகம் செல்லும் மனிதராகவே கண்டிருக்கின்றார். அரசாங்கச் சுற்றறிக்கைகளில் இவ்வளவு நல்ல எண்ணத்தை நாம் அடிக்கடி காண்பதில்லை. நமது லயத்தார் மட்டும் அவரை மூலையில் பாய் விரித்துப் படுத்திருப்பவராகவே ஏன் காண்கின்றனர் என்பது நமக்கு விளங்கவில்லை.

பெற்றுக்கொள்ளும் முறை இது. அரசு மருத்துவமனை அல்லது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையின் வைத்தியரிடம் குறித்த படிவத்தில் சான்றிதழ் பெற்று நிலையத்தில் காட்ட வேண்டும். நீண்டதூர டிக்கெட்டுக்கு இவ்வரி உதவாது; புற்றுநோயால் குடல்வாய் வைத்தவர் சிகிச்சைக்காகச் செல்லும்போது புற்றுநோயாளர் சலுகையைத் தனியே கேட்கலாம். அதில் தூங்கும் வகுப்புக்கு நோயாளரிடம் கட்டணமே கிடையாது. சலுகை இருப்பதை அறிந்தும் கேளாதவர் உண்டு. வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழும்படி அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம். சொல்ல வேண்டியதில்லை, சான்றிதழைச் சாளரத்தினுள் நீட்டினால் போதும். நம் உடன் உத்தியோகஸ்தர்களுக்கும் இதனைச் சொல்கிறோம்: தாளில் எழுதியிருப்பதை வாயால் திரும்பக் கேட்பதற்கு எவ்வித அவசியமும் இல்லை.

வேலை செய்யுமிடத்தைப் பற்றிச் சிறிது. எமது பிரிவில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் எட்டு ஆண்டுகளாகக் கொலாஸ்டமியுடன் பணியாற்றுகின்றார். இது எங்கள் அலுவலகத்தில் இருவருக்கே தெரியும்: பிரிவுத் தலைவர் ஒருவர், பக்கத்து நாற்காலி நண்பர் மற்றொருவர். பிரிவுத் தலைவரிடம் சொன்னது, திடீரென எழுந்து போக நேர்ந்தால் காரணம் கேட்கப்படாமல் இருப்பதற்காக. பக்கத்து நண்பரிடம் சொன்னது, சட்டையில் ஏதேனும் தெரிந்தால் கண்ணால் ஒரு குறிப்புக் காட்டுவதற்காக. ஊரறியச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பதும் பெருஞ்சுமை. மேசை இழுப்பறையில் ஒரு சிறு பை: வெட்டி வைத்த தட்டு ஒன்று, பை ஒன்று, துணி, மாற்றுச் சட்டை. எட்டு ஆண்டுகளில் அலுவலகத்தில் அதனைத் திறந்தது மூன்று முறையே என்கின்றார்.

அவர் கையாளும் இன்னொரு முறையும் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில், முக்கால் முதல் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரைத் தோளுயரத்தில் தொங்கவிட்டுக் குடல்வாய் வழியே மெல்லச் செலுத்தி, குடலை அலசிவிடுகின்றார். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அதன்பின் மறு அலசல் வரை பெரும்பாலும் ஒன்றும் வருவதில்லை. சிறு மூடி ஒன்றே போதுமாக இருக்கின்றது. பைச் செலவும் குறைகின்றது. ஆனால் இது பெருங்குடலின் இடப்புறக் கடைப்பகுதியில் நிரந்தரக் கொலாஸ்டமி உடையவர்களுக்கு மட்டுமே பொருந்தும். வைத்தியர் அனுமதித்து, செவிலியர் அருகிருந்து கற்பித்த பின்னரே செய்யலாம். இலியாஸ்டமிக்குச் செய்யவே கூடாது.

நாற்காலி உத்தியோகம் எளிது. தோட்ட வேலை எளிதன்று. கொழுந்துச் சாக்கைத் தலையில் தூக்கி எடைக்குக் கொண்டுபோகும்போது வயிற்றுத் தசை இறுகும். குடல்வாய்க்கு அருகே வயிற்றுச் சுவர் தளர்ந்து குடல் பிதுங்கும் அபாயம் உண்டு. சிகிச்சைக்குப் பின் முதல் மூன்று மாதம் பாரம் தூக்கலாகாது. அதன்பிறகும் வைத்தியர் சொற்படி வயிற்றுப்பட்டை அணிந்து, சுமையைப் பாதி பாதியாகவே தூக்குதல் நலம். மழைக்குக் காப்பாக இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் விரிப்பின் கயிறு நேராகக் குடல்வாயின்மேல் இறுகாமல், மேலேயோ கீழேயோ அமைய வேண்டும். மதினியின் நிரையில் பறிக்கும் பெண்கள் அவருடைய சாக்கை முறைவைத்துத் தூக்கிக் கொடுத்தனர். மேற்பார்வையாளர் ஒருநாளும் தடுக்கவில்லை. மலைச்சரிவில் கழிப்பிடம் எங்கே என்பதுதான் தீராத கேள்வி. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே தொழிலாளர்க்குப் போதிய கழிப்பிடமும் மருத்துவ வசதியும் தரப்பட வேண்டும் என்று விதித்தது. விதி ஓரிடம், வேலை ஓரிடம் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 21 குறைபாடுகளைப் பெயர் சொல்லி வகுத்துள்ளது. குடல்வாய் அவற்றுள் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

சிகிச்சைக்கு இன்னும் செல்லாதவர்களுக்கு ஒரு சொல். திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சையாயின், குடல்வாய் எவ்விடத்தில் வரவேண்டும் என்பதை முன்னரே வயிற்றில் குறித்துவிடுமாறு வைத்தியரையோ செவிலியரையோ கேளுங்கள். உட்கார்ந்தும், நின்றும், குனிந்தும் பார்த்துக் குறிப்பார்கள். பாவாடை நாடா எங்கே வரும், வேட்டி முடிச்சு எங்கே விழும், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தோல் மடிப்பில் அமைந்த குடல்வாய் வாழ்நாள் முழுதும் கசியும். இரண்டு அங்குலம் தள்ளி அமைந்திருந்தால் அத்தொல்லை இல்லை. கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

இனி விருந்தும் விசேஷமும். கூட்டத்தில் குடல்வாய் சப்தமிடுமே என்று அஞ்சுவோர், முழங்கையை மெல்ல அதன்மேல் சாய்த்துக் கொண்டால் சப்தம் அடங்கும். அதற்கும் மேல் கேட்டால் வயிறு கூவுகிறது என்றே எவரும் எண்ணுவர். கோயிலுக்கும், மாதா கோயிலுக்கும், பள்ளிவாசலுக்கும் போகலாமா, தீட்டாகாதா என்று சிலர் எம்மிடமே கேட்டதுண்டு. சந்நிதியில் நிற்கும் ஒவ்வொருவர் வயிற்றிலும் இருப்பதே இவர் வயிற்றிலும் இருக்கின்றது. வெளிவரும் வாசல் மட்டும் வேறு. உரோமாபுரியின் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1981 மே மாதம் சுடப்பட்டபோது, குடலில் செய்த சிகிச்சையில் அவருக்கும் தற்காலிகக் குடல்வாய் அமைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் மூடினர். அம்மாதங்களில் அவர் பிரார்த்தனை செய்யத் தகுதியற்றவர் ஆனார் என்று எவரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் ரால்ஃப் பெனிர்ஷ்கெ என்ற பந்தாட்டக்காரர், ஆள்மேல் ஆள் மோதும் அந்நாட்டுக் கால்பந்தில், 1979இல் குடல்வாய் அமைக்கப்பட்டபின் மறு ஆண்டே களமிறங்கி, மேலும் பல ஆண்டுகள் ஆடினார். இல்லற வாழ்க்கைக்கும் இது தடையன்று. குடல்வாயுடன் பிள்ளை பெற்று வளர்க்கும் தாய்மார் உண்டு. கணவனும் மனைவியும் இதனைத் தமக்குள் வாய்விட்டுப் பேசிக்கொண்டால் பாதிச் சங்கடம் தீரும்.

வீட்டாரிடம் நாம் வேண்டுவது பெரிதல்ல. விசேஷ வீட்டில் அவரைக் கழிப்பிடத்துக்கு எளிதில் போய்வரும் இடத்தில் அமர்த்துங்கள்; பந்தியின் நடு இலை வேண்டாம், ஓரத்து இலை போதும். கழிப்பிடத்தில் ஒரு வாளித் தண்ணீரும், விளக்கும், உட்காரச் சிறு முக்காலியும், தாழிடத்தக்க கதவும் இருக்கட்டும். "இப்போ எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருவரும் வயிற்றைப் பார்த்துக் கேட்பதை நிறுத்துங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். மதினி சென்ற தை மாதம் அதே தம்பி மகளின் வளைகாப்புக்குச் சென்று, காலையில் இட்டிலி உண்டு, பேருந்து ஏறுமுன் பையைக் காலி செய்து, கம்பத்தில் இறங்கி மறுபடி காலி செய்து, வளையலும் அடுக்கி, ஐந்து வகைச் சோற்றையும் உண்டு திரும்பினார். தயிர்ச்சோறு மட்டும் புளித்திருந்ததாம்.

இரயிலில் செல்வோர்க்கு முடிவாகச் சில. இரவுப் பிரயாணமாயின் கீழ்ப் படுக்கையே கேளுங்கள். கழிப்பறைக்கு அண்மையில் கிடைத்தால் மூக்கைச் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மாற்றுத் தட்டும் பையும் கைப்பையில் இருக்கட்டும். பூட்டிய பெட்டியில் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு நள்ளிரவில் தேட வேண்டாம். வண்டியில் தண்ணீர் நின்றுபோகும் வழக்கம் உண்டு. ஆகவே ஒரு லிட்டர்க் குப்பியில் கழுவுவதற்கெனத் தனியே நீர் கொண்டு செல்க. மலத்தைக் கழிப்பறையில் கொட்டலாம். பையையும் தட்டையும் ஒருபோதும் அதில் போடாதீர்கள். இப்பொழுது வண்டிகளில் இருப்பவை உயிரிக் கழிப்பறைகள். பிளாஸ்டிக் விழுந்தால் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் சுற்றி, பாலிதீன் உறையில் முடிந்து, குப்பைத் தொட்டியில் இடுக. வளைகுடா நாடுகளுக்கு விமானத்தில் செல்லும் நமது இளைஞர்கள், கத்தரிக்கோலைக் கைப்பெட்டியில் கொண்டுபோனால் பரிசோதனையில் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடும் என்பதால், தட்டுகளை வீட்டிலேயே அளவாக வெட்டி எடுத்துச் செல்க. வைத்தியரின் கடிதம் ஒன்றும் உடன் இருக்கட்டும். சோதனையிடுபவரிடம் அதனைக் காட்டித் தனியறை கேட்கலாம்.